சாமி விஷயத்தில் ஒத்துப்போகாதவர்கள் சேர்ந்து உட்கார முடியுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நானும் கணவரும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு பக்கக் குலதெய்வக் கோயிலுக்கும் போக வழியில்லை. பெரிய கோயில்களுக்குப் போனால் மனசு ஒட்டுவதில்லை. கடவுள் இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. கணவருக்குச் சாமி நம்பிக்கையே கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் என் தோழி யூனிட்டேரியன் சபை ஒன்றுக்குப் போகிறாள். அங்கே யாரும் யாருடைய நம்பிக்கையையும் கேட்பதில்லையாம். நம் கொங்குப் பக்கம் அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து தொடங்க முடியுமா?

பதில்:

இருக்கிறது, ஆனால் உங்கள் தோழி சொல்கிற பெயர்ப்பலகையோடு இல்லை. தொடங்கவும் முடியும். சென்னிமலைப் பக்கம் ஒரு பழைய தறிக்கூடத்தில் நாங்கள் 2009-லிருந்து மாதம் இரண்டு ஞாயிறு கூடுகிறோம். இப்போது 14 குடும்பம். பெயர் எதுவும் வைக்கவில்லை. வீட்டில் கேட்டால் "உக்கார்றதுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வருவோம், அதுவே பெயராக நின்றுவிட்டது. நான் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தத்துவத்தைவிட, யார் எவ்வளவு போட்டார்கள், யார் பாய் விரித்தார்கள் என்பதில்தான் என் கண் போகும். இந்தப் பதிலும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் தோழியின் சபை. யூனிட்டேரியன்கள் கிறிஸ்தவத்துக்குள்ளிருந்து கிளம்பியவர்கள். கடவுள் ஒருவரே, மூவராக இல்லை என்று சொன்னதால் அந்தப் பெயர். முடிவில் எல்லோருக்கும் மீட்பு உண்டு என்று சொன்ன யூனிவர்சலிஸ்டுகள் இன்னொரு கூட்டம். அமெரிக்காவில் 1961-ல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இன்று அங்கே கடவுளை நம்புகிறவர், நம்பாதவர், புத்த வழியில் போகிறவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்காருகிறார்கள். "இதை நம்புகிறேன்" என்று எழுந்து நின்று சொல்ல வேண்டிய வாசகம் எதுவும் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு கிண்ணத்தில் சுடர் ஏற்றுவார்கள். பல சபைகளில் அந்த வாரத்துச் சந்தோஷம், துக்கம் எதுவானாலும் எழுந்து சொல்வதற்கு நேரம் ஒதுக்குவார்கள். எனக்குப் பிடித்தது கடைசியில் சொன்ன அந்தப் பழக்கம்தான்.

இது அமெரிக்கச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திருவேங்கடம் என்ற தமிழர், இங்கிலாந்தில் வேலைக்காரராக இருந்த காலத்தில் இந்தக் கருத்தில் பிடிப்பு வந்து, வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரோடு ஊர் திரும்பி 1795-லேயே மெட்ராஸில் ஒரு யூனிட்டேரியன் சபையைத் தொடங்கிவிட்டார். மேகாலயாவின் ஜோவாயில் ஹாஜொம் கிஸ்ஸோர் சிங் 1887-ல் தொடங்கியது இன்னும் சுவாரசியம். அவர் தானாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். அதே எண்ணத்தோடு உலகத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. நீங்கள் எழுதியதைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

நம் தமிழில் இதற்கு வள்ளலாரை விட்டால் வேறு தொடக்கம் இல்லை. 1865-ல் சன்மார்க்க சங்கம், 1867-ல் வடலூரில் தருமசாலை, 1872-ல் சத்திய ஞான சபை. சபையில் உருவம் கிடையாது. ஏழு திரை விலகினால் தெரிவது ஒரு ஜோதி. எல்லோரும் அந்தத் திரையைப் பற்றிப் பேசுவார்கள். நான் வடலூர் போனால் முதலில் பார்ப்பது தருமசாலை அடுப்பை. 1867 மே மாதம் மூட்டிய நெருப்பு அணையாமல் எரிகிறது, வருகிறவருக்கெல்லாம் சோறு போடுகிறது. வரிசையைப் பாருங்கள்: ஜோதி காட்டுவதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே அடுப்பு வந்துவிட்டது. நம் ஊர்களிலும் சன்மார்க்க சங்கங்கள் இருக்கின்றன. ஒரு பூசத்தன்று போய் அங்கே பரிமாறிப் பாருங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆழியாறு அறிவுத் திருக்கோயிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேதாத்திரி மகரிஷி தறி நெய்த குடும்பத்தில் பிறந்தவர். 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய தியானப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர் கொங்கில் குறைவு. தவமும் அகத்தாய்வும் முறையாகக் கற்க நல்ல இடம். மனைவியைப் பாராட்டுவதற்கென்று ஆகஸ்ட் 30-ஐ ஒதுக்கி வைத்தவர்கள் அவர்கள். எங்கள் ஊர் ஆண்களைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய புரட்சி என்று புரியும். மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறினால் ஊட்டியில் ஃபெர்ன்ஹில் நாராயண குருகுலம், நாராயண குருவின் சீடர் நடராஜ குரு 1923-ல் தொடங்கியது. இவையெல்லாம் கற்றுக்கொள்ளப் போகும் இடங்கள். நீங்கள் கேட்பது வாராவாரம் முகம் பார்க்கிற ஆட்களை. அது வேறு.

உங்கள் கணவர் வழிக்கும் இங்கே வேர் இருக்கிறது. பெரியார் ஈரோட்டுக்காரர். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டசபையில் திருத்தம் நிறைவேறி மறு வருஷம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் கேட்பது புரோகிதரை அல்ல, "உறவினர், நண்பர் முன்னிலை" என்பதை. அக்னி சாட்சி போன இடத்தில் ஆட்கள் சாட்சி. சித்தர் சிவவாக்கியரைச் சிவன்மலையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கமும் நம் பக்கம் உண்டு. கல்லைச் சுற்றி வந்து என்ன பயன் என்று கேட்டவரின் பெயரும், பக்தர் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடும் ஆண்டவர் உத்தரவுப் பெட்டியும் ஒரே மலையில். நீங்களும் உங்கள் கணவரும் ஒரே வீட்டில் இருக்க முடிகிறது என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கம் புதியவர் ஒருவரைப் பார்த்தால் ரெண்டாவது மூணாவது கேள்வியே "நீங்க எந்தக் கூட்டமுங்க?" என்பதுதான். கூட்டம் என்றால் நமக்குக் குலம். ஊரில் எவன் கூடினாலும் கூட்டம் ஆகாது. பங்காளி கூடினால்தான் கூட்டம். நீங்கள் தேடுவது கூட்டம் கேட்காத ஒரு கூட்டம். கருத்தளவில் இது சுலபம், வள்ளலார் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் அந்தப் பழைய கூட்டம் எத்தனை வேலை செய்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். காது குத்துக்கு மாமன் வருவான், சீர் கொண்டுவருவான். கல்யாணத்தை நம் பக்கம் பல குடும்பங்களில் ஐயர் நடத்துவதில்லை, அருமைக்காரர் நடத்துகிறார். அவரும் நம்மைப் போலத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பஸ்தர்தான். பூசாரி இல்லாமலே சடங்கு செய்யத் தெரிந்த ஊர் நம்முடையது. இதைப் பகுத்தறிவாளர்கள்கூடக் கவனிப்பதில்லை. அப்புறம் எழவு. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகோணும்" என்று அமுச்சி, அதாவது பாட்டி, சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குலத்தை விட்டு வெளியே வந்தவர்களுக்கு இந்த வேலைகளை யார் செய்வது?

எங்களுக்கு அது 2016-ல் உறைத்தது. எங்களோடு ஆரம்பத்திலிருந்து உட்கார்ந்த ஒரு அக்கா, உங்களைப் போலவே சாதி மாறிக் கட்டிக்கொண்டவர், சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார். அவர் பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் சிலர் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போனார்கள். நாங்கள் 11 பேர் காலையிலிருந்து அங்கே இருந்தோம். ஐஸ் பெட்டிக்குச் சொன்னோம், மாலை வாங்கினோம், மின்மயானத்துக்குப் போன் போட்டோம். மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் ஒன்று கண்ணில் பட்டது. அக்காவின் பையன், பத்து வயது, ஆட்டோக்காரர் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் நின்று தின்றுகொண்டிருந்தான். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சோறு சம்பந்தி வீட்டிலிருந்தோ மாமன் வீட்டிலிருந்தோ வரும் என்பது பழக்கம். அந்த வீட்டுக்கு மாமன் வீடு இல்லை. ஏழு வருஷம் கருணையைப் பற்றிப் பேசினவர்கள் நாங்கள். ஒருவருக்கும் சோறு ஞாபகம் வரவில்லை. அது வேறு யாரோ செய்கிற வேலை என்று எங்கள் உடம்பில் ஊறிப்போயிருந்தது.

மயானத்தில் இன்னும் மோசம். எங்களில் பகுத்தறிவுக்காரர் ஒருவர் மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேச ஆரம்பித்தார், நல்ல எண்ணத்தோடுதான். இன்னொருவர் பொறுக்க முடியாமல் தேவாரம் எடுத்தார். அக்காவின் மகள், அப்போது கல்லூரி முதல் வருஷம், "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க மாமா" என்றாள். நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அங்கே கேட்டது பர்னர் சத்தம் மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு யாரும் கண்ணை மூடவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினோம். ஒரு வீட்டில் சாவு என்றால் முதல் சோறு யார், இரவு யார் தங்குவது, இறப்புப் பதிவுக்கு யார் அலைவது, குழந்தை இருந்தால் யார் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் பெயர். முதல் சோறு எப்போதும் அரிசிம்பருப்பு. சாம்பார், ரசம் என்று தனித்தனியாக இழுக்காது. ஒரே குண்டாவில் அரைமணி நேரத்தில் முப்பது பேருக்கு ஆகிவிடும். குடும்பத்துக்கு அரைப்பக்கமும் ஒதுக்கினோம். எனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அவரவர் எழுதி வைப்பது. ஒருவர் திருவாசகம் கேட்டிருக்கிறார், ஒருவர் எதுவுமே வேண்டாம் என்று எழுதியிருக்கிறார், ஒரு அம்மா "அழுகிறவர்களைத் தடுக்க வேண்டாம்" என்று ஒரே வரி. நாங்கள் ஒரு கூட்டம் ஆனது அந்தப் பக்கம் எழுதின நாளிலிருந்துதான் என்பது என் கணக்கு.

எப்படி உட்காருகிறோம் என்று சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் ஐந்து மணி. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை கறிக்கடை, மதியம் தூக்கம். நம் ஊரில் வேறு நேரம் ஒத்துவராது. தறி எடுத்த குழியைப் பலகை போட்டு மூடியிருக்கிறோம், அதைச் சுற்றிப் பாய். நடுவில் ஒரு அரிக்கேன் விளக்கு. 2012-ல் மின்வெட்டு கொடிகட்டிப் பறந்தபோது வெளிச்சத்துக்காக வைத்தது. கரண்ட் வந்த பிறகும் எடுக்க மனசில்லை. ஜோதி என்று நினைக்கிறவர் நினைக்கட்டும், மின்வெட்டு விளக்கு என்று நினைக்கிறவர் அப்படியே நினைக்கட்டும். இருபது நிமிஷம் மௌனம். அப்புறம் சுற்றி வரும் முறை: ஆளுக்கு மூன்று நிமிஷம், இந்தப் பதினைந்து நாளில் எது கனத்தது, எது லேசாக்கியது என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். மற்றவர்கள் பதில் சொல்லக் கூடாது, முக்கியமாக யோசனை சொல்லக் கூடாது. கொங்குக்காரனுக்கு யோசனை சொல்லாமல் இருப்பதைவிடக் கடினமான தவம் கிடையாது. "நானா இருந்தா" என்று ஆரம்பித்தாலே பக்கத்தில் இருப்பவர் முழங்காலைத் தட்டுவார். பிறகு யாராவது பத்து வரி வாசிப்பார்கள். குறளாக இருக்கலாம், குர்ஆனாக இருக்கலாம், ஒரு தடவை ஒருவர் தன் அப்பா எழுதிய கடன் கடிதத்தை வாசித்தார். கடைசியில் நான் வரவு செலவை உரக்கப் படிப்பேன். சாப்பாடு. பாத்திரம் கழுவுவது ஆண்கள் முறை.

ஒடிசாக்காரப் பையன் ஒருவன் கொஞ்ச காலம் வந்துகொண்டிருந்தான். எங்கள் உறுப்பினர் ஒருவரின் பட்டறையில் வேலை. தமிழ் அரைகுறை. மௌனத்துக்கு உட்காருவான், முறை வந்தால் தலையை ஆட்டி அடுத்தவரைக் காட்டுவான், பாத்திரம் கழுவிவிட்டுப் போவான். ஒரு நாள் தன் முறையில் ஒடியாவிலேயே பேசினான், மூன்று நிமிஷத்துக்கும் மேலே. ஒருவருக்கும் ஒரு சொல் புரியவில்லை. யாரும் அர்த்தம் கேட்கவும் இல்லை. அடுத்த மாதம் அவன் ஊருக்குப் போய்விட்டான்.

நம்பிக்கை என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சாமி மேல் வைப்பதும், ஆள் மேல் வைப்பதும், நாளை நல்லாயிருக்கும் என்று நினைப்பதும் தமிழில் ஒரே சொல். ஈமு கோழியில் பணம் போட்டு ஏமாந்த ஊர்ப்பக்கம் எங்களுடையது. இங்கே முதலில் ஆள் மேல் நம்பிக்கை வந்தால்தான் மற்ற ரெண்டும் வரும். அது பேச்சில் வராது. வருவேன் என்று சொன்ன நேரத்துக்கு ஆள் வந்து நின்றால் வரும், நோட்டில் ஏழு ரூபாய் இடித்தாலும் அதை வாய்விட்டுச் சொன்னால் வரும்.

கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருஷம் ஒருவர் சாப்பாடு முடிந்ததும் பையிலிருந்து மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்திலேயே விரித்தார். நல்ல மனுஷர், நல்ல மனைகள்தான். அன்றைக்கே ஒரு விதி போட்டோம்: உள்ளே சீட்டு, மனை, இன்சூரன்ஸ், கல்யாணத் தரகு எதுவும் கூடாது. வாட்சப் குழுவில் நேரமும் இடமும் மட்டும்; காலை வணக்கப் பூக்கள் வர ஆரம்பித்தால் அப்புறம் அரசியல் வரும். இன்னொரு கெடுதலுக்கு நானே காரணம். ஒரு வருஷம் எல்லோரும் நான் என்ன சொல்வேன் என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள், எனக்கும் அது இனித்தது. ஒரு அம்மா சொன்னார்: "உங்க பேச்சு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நாங்க பேசறது நின்னு போச்சு." அதிலிருந்து நடத்துவது முறை வைத்து மாறுகிறது, போன தடவை நடத்தியது பதினேழு வயதுப் பெண்.

சாதி விஷயம் கடைசிவரை உள்ளே இருந்தது. வாய்விட்டு யாரும் எதுவும் பேசியதில்லை. ஆனால் ஒரு குடும்பம் மட்டும் எப்போதும் சொந்த டம்ளரோடு வரும். பையில் சின்ன எவர்சில்வர் டம்ளர், துணியில் சுற்றி. "வயித்துக்கு ஒத்துக்காதுங்க" என்பார்கள். ரெண்டு வருஷம் பார்த்தும் பாராததுபோல் இருந்தோம். பிறகு பேசாமல் பத்து டஜன் ஒரே மாதிரி டம்ளராக வாங்கி, எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவைத்தோம். அவரவர் கையை விட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் குடும்பம் மூன்று மாதம் வரவில்லை. நாலாம் மாதம் வந்தது, பை இல்லாமல்.

உங்களுக்கு நேரடியாகச் சில. பதிவு எதுவும் இப்போது தேவையில்லை. பணம் பெருகினால் 1975-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதியலாம். அதுவரை ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலை உங்களுக்கு மறந்திருக்காது. உங்களைப் போன்ற தம்பதிகள் வருகிற இடத்தில் முகவரி வெளியே தெரிய வேண்டிய அவசியமில்லை. உங்கள் கணவரைச் சாமி நம்பிக்கைக்குக் கொண்டுவரப் பார்க்காதீர்கள், அவரும் உங்களை அப்படியே விடட்டும். எங்கள் நோட்டில் கடைசிப் பக்கத்தை ஒழுங்காக நிரப்பி வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கே போகாதவர்கள்.

முதல் ஞாயிறு நாலு குடும்பம் வந்தால் தாராளம், அம்மிணி. பாய் கொண்டுவரச் சொல்லுங்கள், அரிசி கொண்டுவரச் சொல்லுங்கள், விளக்கு இருந்தால் அதையும். டம்ளர் மட்டும் யாரையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். அதை நீங்களே ரெண்டு டஜன் வாங்கி வைத்துவிடுங்கள்.